பொம்மைக் காரைத் தின்ற ஈயம்

கண்ணாடி அலமாரிக்குள்ள 1930கள்ல செஞ்ச ஒரு பொம்மைக் கார் நிக்குது. யாரும் தொடல, கீழயும் விழல. ஆனாலும் ஒருநாள் பார்த்தா பானெட் மேல மயிரிழை மாதிரி ஒரு விரிசல். சில வருஷம் கழிச்சு பாடி லேசா வளைஞ்சு, வீங்கி நிக்குது. அப்புறம் ஒருநாள் தூசி தட்டலாம்னு எடுத்தா, டீயில நனைச்ச பிஸ்கட் மாதிரி கையிலயே நொறுங்குது.

பழைய மாடல் கார் சேர்க்கிறவங்களுக்கு இது ரொம்பப் பழக்கமான துக்கம். ஆங்கிலத்துல இதுக்கு 'ஜிங்க் பெஸ்ட்'னு பேர். துத்தநாகக் கொள்ளைநோய்னு வச்சுக்கலாம். ஒரு டாக்டருக்கு பொம்மைக் கார்ல என்ன வேலைன்னு கேட்பீங்க. இந்த நோய்க்குக் காரணமான பொருளும், நான் குழந்தைகளோட ரத்தத்துல இருக்கக் கூடாதுன்னு தேடுற பொருளும் ஒண்ணுதான். ஈயம். அதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

ஆரம்பத்துலயே ஒரு வார்த்தை விளக்கம். நம்ம ஊர்ல ஈயச் சொம்பு ரசம்னு சொல்றோமே, அந்த ஈயம் வெள்ளீயம், அதாவது டின். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுறதும் அதுதான். இந்தப் பதிவுல ஈயம்னு நான் சொல்றது முழுக்க காரீயம், அதாவது லெட். ரெண்டும் வேற வேற உலோகம். (சொம்புல காரீயம் கலந்து வித்தா என்ன ஆகும்ங்கறது தனிப் பதிவு.)

கதை அச்சகத்துல ஆரம்பிக்குது. பழைய அச்சாபீஸ்ல ஈய எழுத்து கோர்க்கிறதைப் பார்த்தவங்க இதைப் படிக்கிறவங்கள்ல சிலர் இருப்பீங்க. 1893ல் சிகாகோவில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே லைனோடைப் இயந்திரம் வச்சிருந்தாங்க. உருக்கிய ஈயக் கலவையை அச்சுக்குள்ள தள்ளி, ஒரு முழு வரி எழுத்தை ஒரே தடவையில வார்த்துத் தரும். அதே ஊரைச் சேர்ந்த டவ்ஸ்ட் சகோதரர்கள் சலவைத் தொழிலுக்கான ஒரு பத்திரிகை நடத்திக்கிட்டிருந்தாங்க. எழுத்தை வார்க்க முடிஞ்சா சின்னச் சின்ன சாமான்களையும் வார்க்கலாமேன்னு அவங்களுக்குத் தோணுச்சு. பொத்தான், குட்டி இஸ்திரிப் பெட்டின்னு ஆரம்பிச்சு, 1910களில் குட்டிக் கார்களுக்கு வந்தாங்க. பின்னாடி டூட்ஸிடாய்னு பேர் வாங்கினது இந்தக் கம்பெனிதான். மோனோபொலி விளையாட்டுல நகர்த்துவோமே அந்தக் குட்டி உலோகக் காய்கள், அதுக்கும் மூலம் இவங்க பட்டறைதான்.

அதே 1893ல் லண்டன்ல வில்லியம் பிரிட்டன் கம்பெனி உள்ளே கூடான ஈயச் சிப்பாய்களை வார்க்க ஆரம்பிச்சாங்க. ஈயம் மலிவு. 327 டிகிரியிலேயே உருகும். அச்சோட மூலை முடுக்கெல்லாம் பாயும். பொம்மைக்கு இதைவிட வசதியான உலோகம் கிடையாது. மென்மையா இருக்கும், கடிச்சா பல் தடம் விழும். கடிக்கிறது யார்னு சொல்லத் தேவையில்ல.

இப்போ லிவர்பூலுக்குப் போவோம். மெக்கானோன்னு ஒரு பொம்மை. துளை போட்ட தகடுகளையும் திருகாணிகளையும் வச்சுப் பாலம், கிரேன் எல்லாம் கட்டலாம். அதைக் கண்டுபிடிச்ச ஃபிராங்க் ஹார்ன்பி பொம்மை ரயிலும் வித்துக்கிட்டிருந்தார். ரயில் ஸ்டேஷன் பக்கத்துல நிறுத்த வண்டி வேணுமே? 1933 டிசம்பர்ல ஆறு வண்டிகள் கொண்ட ஒரு தொகுப்பு வெளியிட்டார். ஸ்போர்ட்ஸ் கார், கூப்பே, லாரி, டெலிவரி வேன், டிராக்டர், பீரங்கி வண்டி. அடுத்த வருஷம் அதுக்கு டிங்கி டாய்ஸ்னு பேர் வந்தது. இன்னிக்கும் மாடல் கார் உலகத்துல 1:43ங்கற விசித்திரமான அளவு நிலைச்சிருக்கே, அது அந்த ரயில் பாதையோட அளவுல இருந்து வந்தது. யாரும் உட்கார்ந்து யோசிச்சு வச்ச எண் இல்ல.

அந்த முதல் ஆறு வண்டியும் ஈயக் கலவையில வார்த்ததுதான். ஆனா சீக்கிரமே கம்பெனி வேற உலோகத்துக்கு மாறிடுச்சு. காரணம் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருந்தது.

1929ல் அமெரிக்காவின் நியூஜெர்சி ஜிங்க் கம்பெனி ஜமாக்ங்கற கலவையைக் கொண்டு வந்தது. துத்தநாகம், அலுமினியம், மெக்னீசியம், செம்பு. இந்த நாலோட ஜெர்மன் பேர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தா அந்தப் பேர் வரும். 380 டிகிரி கிட்ட உருகும். உருகினதை அழுத்தத்தோட எஃகு அச்சுக்குள்ள செலுத்தினா நொடியில் இறுகும். கதவு இடுக்கு, ரேடியேட்டர் கம்பி, சக்கரத்து ஆணி வரைக்கும் துல்லியமா பதியும். உருகுற சூடு குறைவுங்கறதால எஃகு அச்சு சீக்கிரம் தேயாது. ஒரே அச்சுல லட்சக்கணக்குல வார்க்கலாம். ஈயத்தை விட லேசு, ஈயத்தை விட உறுதி. 'டை-காஸ்ட்'னு இன்னிக்கு நாம சொல்ற ஒவ்வொரு மாடல் காரும் இந்தக் கலவையோட பேரப்பிள்ளைதான்.

அதுக்கு முன்னாடியும் துத்தநாக வார்ப்பு இருந்தது. ஆனா அது வீங்கும், வெடிக்கும். ஏன்னு தேடிப் பார்த்தப்ப குற்றவாளி சிக்கினான். துத்தநாகத்துல கலந்திருந்த மிகச் சின்ன அளவு ஈயம். தகரமும் காட்மியமும் அதே வேலையைப் பண்ணும். நியூஜெர்சி கம்பெனிக்காரங்க செஞ்ச உண்மையான சாதனை கலவையை விட சுத்திகரிப்புதான். துத்தநாகத்தைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடிச்சு, 99.99 சதவீதத் தூய்மைக்குக் கொண்டு வந்தாங்க. பிரிட்டனில் அந்தத் தூய்மை உடனே கிடைக்கல. அங்கே முதல்ல 99.95 சதவீதத் துத்தநாகத்தை வச்சு மஜாக்னு வேற பேர்ல வித்தாங்க. 99.95க்கும் 99.99க்கும் என்ன பெரிய வித்தியாசம்னு கேட்காதீங்க. அந்த 0.04ல தான் மொத்தக் கதையும் இருக்கு.

உள்ளே நடக்கிறது இதுதான். உலோகம் இறுகும்போது சின்னச் சின்னப் படிகங்களா, அரிசிமணி அடுக்கின மாதிரி இறுகும். ஈயம் துத்தநாகத்துல கரையாது. அதனால மணிகளுக்கு நடுவுல இருக்கிற இடுக்குல போய் ஒதுங்கும். காத்துல இருக்கிற ஈரம் அந்த இடுக்கு வழியா நுழைஞ்சு அரிக்க ஆரம்பிக்கும். அரிச்ச பொருள் இடத்தை அடைக்கும். அதனால வண்டி வீங்குது, கோணுது, கடைசியில மணிமணியா உதிருது. சூடும் ஈரமும் சேர்ந்தா வேகம் கூடும். நம்ம கடலோரப் பருவநிலை பத்தி நான் தனியா சொல்லணுமா?

ஜமாக்குக்கான தரத்துல இன்னிக்கு ஈயத்துக்கு அனுமதி 0.005 சதவீதம்தான். லட்சத்துல அஞ்சு பங்கு. அந்தக் காலத்துப் பொம்மைத் தொழிற்சாலையில இந்தச் சுத்தத்தைக் காப்பாத்துறது எவ்வளவு கஷ்டம்னு நினைச்சுப் பாருங்க. ஈயம் வார்த்த அதே கூரைக்குக் கீழே துத்தநாகமும் வார்க்கிறாங்க. பழைய துண்டுகளை மறுபடி உருக்கிப் போடுறாங்க. கைப்பிடி ஈயத் துண்டு தவறி விழுந்தா போதும், அந்தக் கொப்பரையில இருந்து வர்ற அத்தனை வண்டிக்கும் விதி எழுதியாச்சு. போருக்கு முந்தைய டிங்கி வண்டிகள் நிறைய இப்படித்தான் போச்சு.

சேகரிப்பாளர்கள் மத்தியில ஒரு நம்பிக்கை உண்டு. ஒரு வண்டிக்கு வந்தா பக்கத்து வண்டிக்கும் ஒட்டிக்கும்னு தனியா எடுத்து வைப்பாங்க. கொள்ளைநோய்ங்கற பேர்தான் அதுக்குக் காரணம். இது தொத்தாது. பிறக்கும்போதே வந்த கோளாறு. பத்து வருஷமோ ஐம்பது வருஷமோ கழிச்சு அறிகுறி காட்டும், அவ்வளவுதான். மருந்து கிடையாது. எபாக்சி ஊத்தி ஒட்டிப் பார்க்கிறவங்க இருக்காங்க. உள்ளே அரிப்பு அதுபாட்டுக்கு நடக்கும். உலர்ந்த, சூடு ஏறி இறங்காத இடத்துல வச்சா வேகம் குறையும். டாக்டரா நான் தினமும் சொல்ற பதில்தான் இது: குணப்படுத்த முடியாது, தள்ளிப்போடலாம்.

இப்படி நிறைய செத்துப்போனதால பிழைச்சதுக்கு மதிப்பு ஏறுச்சு. ஒரு கடையோட பேர் எழுதின போருக்கு முந்தைய டிங்கி டெலிவரி வேன் ஒண்ணு 2008ல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பவுண்டுக்கு ஏலம் போனது. உள்ளங்கையில அடங்குற வண்டி. அசல் கார் ஒண்ணு வாங்கிடலாம்.

இனி குழந்தைகள் பக்கம். 1904ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்துல லாக்கார்ட் கிப்சன்ங்கற கண் மருத்துவர், தன்கிட்ட வந்த குழந்தைகளுக்கு ஈய நஞ்சு எங்கிருந்து வந்ததுன்னு எழுதினார். வீட்டு வராந்தாவுல கைப்பிடிக் கம்பிகளுக்கு அடிச்ச பெயிண்ட். வெயில்ல பொடியா உதிருது. குழந்தை தொட்டு, விரலை வாயில வைக்குது. இந்தக் கட்டுரை வந்தப்ப டூட்ஸிடாய் காரே கிடையாது. டிங்கி வர இன்னும் 29 வருஷம் இருந்தது. தெரியாமத்தான் பண்ணிட்டாங்கன்னு இந்தத் தொழிலுக்கு நாம சமாதானம் சொல்ல முடியாம போறது இங்கேதான்.

ஏன் குழந்தைகளுக்கு மட்டும் இவ்வளவு கவலை? ஒரே அளவு ஈயம் வாய் வழியா போனா பெரியவங்க உடம்பு எடுத்துக்கிறதைப் போல நாலஞ்சு மடங்கு சின்னக் குழந்தையின் குடல் உறிஞ்சும். இரும்புச்சத்து குறைவா இருந்தா இன்னும் கூடும். நம்ம ஊர்ல ரத்தசோகை எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். உறிஞ்சின ஈயம் கால்சியம் மாதிரி நடிச்சு எலும்புக்குள்ள உட்கார்ந்துக்கும், பல வருஷம் இருக்கும். வளர்ற மூளையைப் பாதிக்கும். கவனம், கற்றல், நடத்தை எல்லாம் தடுமாறும். வெளியே பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஆபத்தில்லாத அளவுன்னு ஒண்ணு ரத்தத்துல கிடையாதுங்கறதுதான் உலக சுகாதார நிறுவனத்தோட நிலைப்பாடு.

அந்தக் காலத்துப் பெயிண்ட்ல ஈயம் சாதாரணம். வெள்ளைக்கு வெள்ளை ஈயம், பளிச் மஞ்சளுக்கு லெட் குரோமேட். நிறம் நிலைக்கும், சீக்கிரம் காயும். ஆக உலோகத்துல இருந்து ஈயத்தைத் துரத்தின அதே தொழில், அதே காரோட மேல்தோல்ல ஈயத்தைப் பூசிக்கிட்டிருந்தது. வண்டி வெடிச்சா வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவருவார். குழந்தைக்குப் படிப்பு ஏறலைன்னா யாரும் பொம்மைக் கம்பெனியைப் போய்க் கேட்க மாட்டாங்க. எனக்கு இந்த வரலாற்றுல ரொம்ப உறுத்துற இடம் இது.

நியாயமா சொல்லணும்னா அசல் காரும் அப்படித்தான். 1923லேயே அமெரிக்காவில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துடுச்சு. இன்னிக்கு மாடலா அலமாரியில நிக்கிற அழகு பென்ட்லிகளும் ப்யூக்குகளும் அதைத்தான் குடிச்சுப் புகையா விட்டது. உலகத்துலயே கடைசியா அதை விக்கிறதை நிறுத்தினது அல்ஜீரியா, 2021ல்.

சரி, போருக்குப் பிந்தைய கதை. மாடல் கார் சேகரிப்புங்கற பொழுதுபோக்கே இங்கேதான் பிறந்தது. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதியும் இதுதான்.

லெஸ்லி ஸ்மித், ரோட்னி ஸ்மித்னு ரெண்டு பேர். ஒரே குடும்பப் பேர், ஆனா சொந்தக்காரங்க இல்ல, பள்ளி நண்பர்கள். 1947ல் கடற்படையில இருந்து வந்த பணம் 600 பவுண்டைப் போட்டு, வடக்கு லண்டன்ல எட்மண்டன் பகுதியில் 'தி ரைஃபிள்மேன்'ங்கற ஒரு பாழடைஞ்ச மதுக்கடைக் கட்டடத்துல வார்ப்புப் பட்டறை வச்சாங்க. லெஸ்லியில் பாதி, ரோட்னியில் பாதி: லெஸ்னி. அவங்களோட ஜாக் ஓடெல்னு ஒரு வார்ப்புக் கலைஞர் தன் இயந்திரத்தோட வந்து சேர்ந்தார். முதல்ல வேற தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகம்தான் வார்த்தாங்க. வருஷக் கடைசியில வரிக் கணக்குக்காக எல்லாரும் சரக்கைக் குறைப்பாங்க, ஆர்டர் வராது. இயந்திரம் சும்மா கிடக்குதேன்னு பொம்மை வார்க்க ஆரம்பிச்சாங்க. 1948ல் ஒரு ரோடு ரோலர். கொரியப் போர் சமயத்துல பொம்மைக்குத் துத்தநாகம் பயன்படுத்தக் கட்டுப்பாடு வந்து அதுவும் நின்னுபோச்சு. ரோட்னி தன் பங்கை வித்துட்டு விலகிட்டார்.

1953ல் எலிசபெத் ராணிக்கு முடிசூட்டு விழா. அவர் போன ரதத்தைக் குட்டியா, குதிரைகளோட வார்த்து வித்தாங்க. பத்து லட்சத்துக்கு மேல போச்சு. கம்பெனி நிமிர்ந்தது.

இதுக்கு நடுவுல ஓடெல் வீட்டுல ஒரு சிக்கல். அவரோட மகள் சிலந்திப் பூச்சியை எல்லாம் தீப்பெட்டியில போட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவாளாம். பள்ளியில விதி என்னன்னா, தீப்பெட்டிக்குள்ள அடங்குற பொம்மைதான் கொண்டுவரலாம். அப்பா பித்தளையில ஒரு குட்டி ரோடு ரோலர் செஞ்சு, பெயிண்ட் அடிச்சு, தீப்பெட்டியில போட்டுக் கொடுத்தார். வகுப்புப் பிள்ளைங்க எல்லாருக்கும் ஒண்ணு வேணும்னு ஆயிடுச்சு. மேட்ச்பாக்ஸ்ங்கற பேர் அங்கிருந்து வந்தது. பின்னாடி ஹாக்னிப் பக்கம் இருந்த அவங்க தொழிற்சாலைகள் உச்சக்கட்டத்துல நாளைக்குப் பத்து லட்சம் வண்டி வரைக்கும் தள்ளினாங்க.

ஓடெல்லுக்குத் தனிப்பட்ட பித்து ஒண்ணு இருந்தது. பழைய வண்டிகள். நீராவி எஞ்சின், டிராம், முதல் உலகப் போர் கால லாரி. வியாபாரத்துக்கு இது எடுபடுமான்னு தெரியாத நேரத்துல, 1956ல் 'மாடல்ஸ் ஆஃப் யெஸ்டர்இயர்'ங்கற வரிசையை ஆரம்பிச்சார். முதல் எண் ஒரு நீராவி இழுவை எஞ்சின். அப்புறம் லண்டன் பஸ், டிராம். 1958ல் 1929ஆம் வருஷத்து லெ மான் பென்ட்லி. 1960ல் 1907ஆம் வருஷத்து ரோல்ஸ்ராய்ஸ் சில்வர் கோஸ்ட். விளக்கு, ஏர் ஹாரன், சக்கரக் கம்பி, ரேடியேட்டர்னு தனித்தனியா வார்த்துப் பொருத்தினாங்க. விலையோ பொம்மை விலை.

வாங்கினது யாருன்னு பார்த்தா அப்பாக்கள். தங்க முலாம், வெள்ளி முலாம் பூசி, ஆஷ்ட்ரே மேலயும் பேனா ஸ்டாண்டு மேலயும் சிகரெட் பெட்டி மேலயும் ஒட்டி, பரிசுப் பொருளா வித்தாங்க. (ஆஷ்ட்ரே நடுவுல வின்டேஜ் கார். நுரையீரலுக்கு ஒண்ணு, மூளைக்கு ஒண்ணு.) தரையில உருள்ற பொருள் மேசைக்கு ஏறுச்சு, மேசையில இருந்து கண்ணாடி அலமாரிக்குப் போச்சு. பெட்டியோட, பிரிக்காம வச்சா மதிப்புன்னு பேச்சு வந்தது இதுக்கப்புறம்தான்.

முக்கியமான விஷயம், இந்தக் காலத்து வண்டிகள் நொறுங்கல. துத்தநாகத் தூய்மை பழக்கமாயிடுச்சு. அறுபது எழுபது வருஷம் ஆச்சு, நல்லா வச்சிருக்கிற யெஸ்டர்இயர் வண்டிகள் இன்னும் கிண்ணுன்னு இருக்கு.

மத்த கம்பெனிகளைச் சட்டுன்னு கடந்துடறேன். நாஜிகளிடமிருந்து தப்பி ஜெர்மனியிலிருந்து வந்த யூதர்கள் தொடங்கிய மெட்டாய் கம்பெனி 1956ல் கார்கி டாய்ஸை இறக்கி, ஜன்னலுக்குக் கண்ணாடி வச்சு டிங்கியை ஆட்டிவச்சது. 1968ல் மாட்டெல் ஹாட் வீல்ஸைக் கொண்டுவந்து, வேகமா உருள்ற மெல்லிய அச்சாணியால மேட்ச்பாக்ஸையே ஆட்டிவச்சது. லிவர்பூல் டிங்கி தொழிற்சாலை 1979ல் மூடப்பட்டது. 1982ல் லெஸ்னி திவால். ஓடெல் அதோட சும்மா இருக்கல. தன் பேரைத் திருப்பிப் போட்டு 'லெடோ'ன்னு புதுக் கம்பெனி வச்சு, மறுபடி பழைய வண்டிகளையே வார்த்தார். 2007ல் 87 வயசுல காலமானார்.

நம்ம நாட்டுப் பக்கம் ஒரு கிளைக்கதை உண்டு. 1960களின் கடைசியில, லிவர்பூல்ல வேலை முடிஞ்ச டிங்கி அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து, 'நிக்கி டாய்ஸ்'ங்கற பேர்ல வார்க்கப்பட்டன. தேய்ஞ்ச அச்சு, ஓரமெல்லாம் பிசிறு, பெயிண்ட் தடிமனா இருக்கும். அடித்தகட்டுல டிங்கின்னு இருந்த எழுத்தை அழிச்சிருப்பாங்க. அதுல ஒரு மினிபஸ் உண்டு, ஸ்டாண்டர்டு 20. அசல் ஸ்டாண்டர்டு 20 வேனை இந்தியாவில் செஞ்சது சென்னையில இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. மெட்ராஸ் வேனுக்குக் கல்கத்தாவில் லிவர்பூல் அச்சுல ஒரு பொம்மை! அன்னிக்கு ஏளனமாப் பார்த்த அந்தப் பிசிறு வண்டிகளை இன்னிக்கு வெளிநாட்டுக்காரங்க தேடி வாங்குறாங்க.

பெரியவங்களுக்குன்னே செய்யிற காலம் அடுத்தது. இத்தாலியில் மிலான் பக்கத்துல இருந்த புராகோ 1970களில் 1:18 அளவுல புகாட்டி, மெர்சிடிஸ் மாதிரி வின்டேஜ் கார்களைப் பெருசா, நடுத்தரக் குடும்பம் வாங்குற விலையில கொடுத்தது. 1990களில் ஜெர்மனியில் தொடங்கின சிஎம்சி கம்பெனியின் மாடல் சிலதுல ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள். சக்கரக் கம்பி ஒவ்வொண்ணும் தனியா, சீட்டுக்கு நிஜத் தோல், பானெட்டைத் திறந்தா எரிபொருள் குழாய். உற்பத்தி சீனாவுக்குப் போனது. கூடவே ஒரு பழைய விருந்தாளியும் திரும்பி வந்தான். 1990களிலும் 2000களிலும் வார்த்த சில விலை உயர்ந்த மாடல்கள்ல, பெயிண்ட்டுக்கு அடியில கொப்புளமும் விரிசலும். 1929ல் தீர்த்த பிரச்சினை, சுத்தமில்லாத துத்தநாகத்தால மறுபடியும்.

பெயிண்ட்டும் திரும்பி வந்தது. அமெரிக்கா 1978ல்தான் பொம்மைப் பெயிண்ட்ல ஈயத்துக்கு 10 லட்சத்துல 600 பங்குன்னு வரம்பு போட்டது. கணக்கு பாருங்க. உலோகத்துல ஈயம் கூடாதுன்னு கண்டுபிடிச்சு 49 வருஷம், குழந்தையைப் பத்தி கிப்சன் எழுதி 74 வருஷம். 2007 ஆகஸ்ட்ல மாட்டெல் ஒரு டை-காஸ்ட் வண்டியைத் திரும்பப் பெற்றது. 'கார்ஸ்' படத்துல வர்ற சார்ஜ், இரண்டாம் உலகப் போர் கால ஜீப் பாத்திரம். அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 2,53,000 வண்டிகள். பெயிண்ட்ல ஈயம். சீனாவில் ஒரு துணை ஒப்பந்தக்காரர் அனுமதியில்லாத இடத்துல இருந்து பெயிண்ட் வாங்கியிருந்தார். அந்த வருஷம் இப்படி வரிசையா நடந்ததால 2008ல் புதுச் சட்டம் வந்து, பெயிண்ட் வரம்பு 90 பங்காக் குறைஞ்சது. இந்தியாவில் வீட்டுப் பெயிண்ட்டுக்கு அதே 90 வரம்பு 2016ல் விதியா வந்து, 2017 நவம்பர்ல அமலானது. பொம்மைகளுக்குக் கட்டாய ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜனவரியில இருந்து.

வீட்டுல பழைய டை-காஸ்ட் வச்சிருக்கிறவங்களுக்கு இனி என் வேலை.

இன்பாக்ஸ்ல அடிக்கடி வர்ற கேள்வி: "சார், தாத்தா சிங்கப்பூர்ல இருந்து கொண்டுவந்த பழைய கார், பேரன் கேட்டு அழுறான், கொடுக்கலாமா?" எதையும் வாயில வைக்கிற வயசுக் குழந்தைக்குக் கொடுக்காதீங்க. 1970களுக்கு முந்தைய பெயிண்ட்னா, ஈயம் இருக்கும்னு நினைச்சுத்தான் நடக்கணும். கண்ணாடிக்குப் பின்னாடி வச்சுக் காட்டுங்க. ஏற்கெனவே மாசக்கணக்கா கடிச்சு விளையாடிட்டான்னா பயந்து அலற வேண்டாம், குழந்தை மருத்துவர்கிட்ட சொல்லி ரத்தத்துல ஈய அளவு பாருங்க. சாதாரண ரத்தப் பரிசோதனைதான். அப்படியே ஹீமோகுளோபினும் பார்த்துடுங்க.

அலமாரியில நிக்கிற வண்டியால பெரியவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு உண்மையான கவலை 'ரீஸ்டோர்' பண்றவங்களைப் பத்திதான். யூடியூப் பார்த்துட்டு, வீட்டு ஹால்ல உட்கார்ந்து உப்புத்தாளால பழைய பெயிண்ட்டைத் தேய்க்கிறாங்க. அந்தத் தூசி தரையில படியும், தரையில தவழ்றது யாரு? தேய்க்கணும்னா ஈரமா தேய்ங்க, வீட்டுக்கு வெளியே, மாஸ்க் போட்டு. குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கிற வீட்டுல வேண்டவே வேண்டாம். வண்டியை எடுத்துத் துடைச்ச பிறகு சோப்பு போட்டுக் கை கழுவிட்டுச் சாப்பிடுங்க.

வெள்ளைப் பொடி பத்தி ஒரு விஷயம் சொல்லிடறேன். பழைய வண்டியில ரெண்டு விதப் பொடி வரும். வண்டி வீங்கி, கோணி, விரிசலோட பொடி உதிர்ந்தா அது துத்தநாக நோய். வடிவம் கெடாம, மேல மட்டும் மாவு பூத்த மாதிரி வந்தா அது அசல் ஈய வார்ப்பா இருக்கலாம். ஓக் மாதிரி மரப் பீரோவுக்குள்ள பூட்டி வச்சா, மரத்துல இருந்து வர்ற புளிப்பு ஆவி ஈயத்தை மெல்ல வெள்ளை ஈயமா மாத்திடும். அந்தக் காலத்துல ஈயத்தை வினிகர் ஆவியில வச்சுப் பெயிண்ட்டுக்கு வெள்ளைப் பொடி தயாரிச்ச அதே வேதியியல். இந்தப் பொடி நஞ்சு. ஊதாதீங்க, உலர்ந்த துணியால தட்டாதீங்க. ஈயமா துத்தநாகமான்னு சந்தேகம்னா கையில தூக்கிப் பாருங்க. ஈயம் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு கனம். பெயிண்ட் போன இடத்தை வெள்ளைத் தாள்ல லேசா இழுத்தா பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழும். விழுந்தா அந்தத் தாளைக் கவர்ல போட்டு எறிஞ்சுட்டு, வண்டியை மூடியிருக்கிற பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாத்துங்க. சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு உள்ளே போட்டு, ஆவணியில ஒரு தடவை, தையில ஒரு தடவை மாத்துங்க.